கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

மைசூரில் நான் ஒன்பதாவது படித்த பள்ளியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் உயிரோடு இருந்தது. கீபோர்டுக்குள்ளேயே மொத்தமும் அடக்கம். அதைப் பழைய டிவி ஒன்றில் சொருகியிருந்தார்கள். வாரம் இரண்டு பேர்தான் தொடலாம், வருகைப் பதிவேட்டு வரிசைப்படி. என் பெயர் கடைசி. ஜூனிலிருந்து மற்றவர்கள் தட்டுவதைப் பின்னால் நின்று பார்த்தேன். வயிறெரிந்தது.

தசரா விடுமுறை முடிந்ததும் என் முறை. புரோகிராமை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இரண்டே வரி. ஓட்டினால் என் பெயர் திரை நிறைய வந்துகொண்டே இருக்கும். நஞ்சன்கூடு ஃபேக்டரியிலிருந்து ரயிலில் வரும் அப்பாவிடம் தினமும் படித்துக் காட்டுவேன்.

"உம்பேரு டிவியில வருமா கண்ணு? அன்னிக்கு லீவு போட்டுட்டு நானும் வர்றேன்" என்பார்.

விடுமுறைக்கு முன்பே பள்ளியில் ஆயுத பூஜை. கம்ப்யூட்டர் மிஸ் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "நீனே இடம்மா" என்றார், நீயே வை என்று. என் பைத்தியம் அவருக்குத் தெரியும். ஒரு பொட்டோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆர்வக்கோளாறு. ஒவ்வொரு கீயிலும் நீர்க்கக் கரைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். முறை வருவதற்குள் அழுத்திவிடக் கூடாதே என்று விரல் நுனியால் மட்டும் தொட்டேன். இடுக்கெல்லாம் வழிந்தது. அழகாக இருக்கிறது என்றார்கள்.

விடுமுறை முடிந்து வந்தபோது அது ஆன் ஆகவில்லை. ரிப்பேர்காரர் மூடியைத் திறந்து, காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார்.

"இதுக்குப் பார்ட்ஸ் இனிமே சிக்காது, மேடம்."

மிஸ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த வருஷம் தங்கள் முறை என்று ஜன்னல் வழியே எட்டிப்பார்த்த எட்டாவது பிள்ளைகளுக்கும் சேர்த்து நான்தான் அதைக் கொன்றேன். பரீட்சைக்காக வகுப்பை நிறுத்திவிட்டார்கள் என்று அப்பாவிடம் பொய் சொன்னேன்.

மறு வருஷமும் ஆயுத பூஜை வந்தது. செத்த கம்ப்யூட்டரையும் துடைத்து வைத்திருந்தார்கள். பொட்டு வைக்க மிஸ் என்னையே கூப்பிட்டார். அந்த நல்ல மனசை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

எல்லோரும் பொரி வாங்கப் போனதும் அதன் முன் உட்கார்ந்தேன். இனி யார் முறையும் இல்லை. என் இரண்டு வரியையும் எழுத்தெழுத்தாகத் தட்டினேன். என் பெயரின் முதல் எழுத்துக்கான கீ மட்டும் இறங்கவே இல்லை. நான் வைத்த சந்தனம் அதன் அடியில் கல்லாகியிருந்தது.