கோழியைக் கழித்தால் எத்தனை கிலோ?

காட்டில் திரியும் சிறுத்தையின் எடை என்ன? தராசைத் தேட வேண்டாம். அதைப் பார்த்தவரைக் கேளுங்கள்... குறைந்தது நூறு கிலோ!

போன வாரம் செம்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், வனத்துறை வைத்த கூண்டில் விடியற்காலையில் ஒரு சிறுத்தை சிக்கியது. கம்பியில் மோதி முன்னங்காலைக் கிழித்துக்கொண்டது. மயக்கி, தையல் போட்டுக் காட்டில் விட வேண்டும். கால்நடை மருத்துவரான என்னை அழைத்தார்கள்.

மயக்க மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. கூடினால் மூச்சு நின்றுவிடும். குறைந்தால் தையலின் நடுவே எழுந்துகொள்ளும். தையல் போடுவது நான்!

தோப்பின் உரிமையாளர் ரோஸ்லின் அக்கா. இந்தச் சிறுத்தையிடம் இரண்டு ஆடுகளைப் பறிகொடுத்தவர்.

"கன்னுக்குட்டி கணக்கா இருக்கு டாக்டரம்மா. நூறு கிலோவுக்குக் கொறையாது."

"நூத்திருபதுன்னே வைங்க மேடம்" என்றார் கூண்டு வைத்த வனவர். ஏலம் விடுகிறார்களோ என்று நினைத்தேன்.

என் வழக்கப்படி மனசுக்குள் பட்டியல் போட்டேன். தோளின் அகலம். கழுத்தின் பருமன். முதுகெலும்பு எவ்வளவு தெரிகிறது. இளம் ஆண்... நாற்பத்தைந்து கிலோ.

அதன் வயிறு மட்டும் கணக்கில் இடித்தது. ஏன் இப்படித் தொங்குகிறது? இரைக்கு வைத்த ஆடு தனித் தடுப்பில் பத்திரமாக நிற்கிறதே!

"யாராவது எதையாவது போட்டீங்களா?"

ரோஸ்லின் அக்கா முந்தானையைத் திருகினார்.

"செத்தோண்டு கோழிக்கறி... கொஞ்சமே கொஞ்சந்தான், துறட்டிக் கம்புல குத்தி நீட்டுனேன்."

"உங்க ஆட்டைத் தின்ன சிறுத்தைக்கா?"

"அதுக்காக? வாசலுக்கு வந்ததை வெறும் வயித்தோடயா அனுப்புறது?"

நிறைந்த வயிற்றோடு மயக்கினால் வாந்தி வரலாம். அது மூச்சுக்குழலுக்குள் போனால் சிறுத்தை பிழைக்காது. சாயங்காலம் வரை பொறுப்போம் என்றேன்.

"கூட்டம் சேருது மேடம். சட்டுனு முடிச்சிருங்க" என்றார் வனவர்.

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. "நான் போட்டதே அதுக்கு எமனாயிருமோ?"

அடுத்த நொடியே துறட்டிக் கம்பைத் தூக்கிவிட்டார். "ஏலே, இங்க என்ன தேரா ஓடுது? போங்கலே எல்லாம்!" கூட்டம் கலைந்தது. கூண்டைத் தார்ப்பாயால் மூடினோம். மோதல் சத்தம் மெல்ல அடங்கியது.

காத்திருந்தபோது சிங்கங்களை நினைத்துக்கொண்டேன். காட்டுச் சிங்கத்தின் நிஜ எடையிலும் இதே சிக்கல்தான். பிடரி மயிர் அதைப் பெரிதாகக் காட்டும். வேட்டை கிடைத்த இரவில் இருபது, முப்பது கிலோ இறைச்சியை உள்ளே தள்ளிவிடும். மறுநாள் நிறுத்தால் அது முழுக்கச் சிங்கத்தின் எடை இல்லை. அதில் கொஞ்சம், செத்துப்போன எருமை. வயிற்றைக் கழிக்காமல் சொல்லும் எடைக்கு என்ன மதிப்பு?

சாயங்காலம் நாற்பத்தைந்து கிலோவுக்கே மருந்து ஏற்றினேன். குடலுக்கு இறங்கிவிட்ட கோழிக்கு மயக்கம் எதற்கு? சிறுத்தை தள்ளாடிச் சாய்ந்தது. அதன் தலையைத் தாழ்த்தி வைத்துத் தையலை முடித்தேன். வாந்தி இல்லை. மூச்சு சீராக இருந்தது — அதன் மூச்சு. என்னுடையது கொஞ்சம் தாமதமாகத்தான் சீரானது.

தார்ப்பாயில் சுருட்டி, தேங்காய் நிறுக்கும் தொங்கு தராசில் மாட்டினோம். தார்ப்பாயின் எடை போக ஐம்பத்தொன்று.

"இம்புட்டுத்தானா!" என்றார் வனவர், ஏமாந்துபோனவர்போல.

அக்கா எட்டிப் பார்த்தார். "அப்ப அந்த நாலு கோழியக் கழிச்சிருங்க டாக்டரம்மா."

"நாலா? செத்தோண்டுன்னீங்க!"

"குடுக்கும்போது செத்தோண்டாத்தான் தெரிஞ்சுச்சு."

பயந்து பார்த்தால் நாற்பத்தைந்து நூறாகிறது. பாசமாகக் கொடுத்தால் நாலு கோழி செத்தோண்டு ஆகிறது. இரண்டும் ஒரே கண்தான்! அவரை எப்படிக் கோபித்துக்கொள்வது?

கோழிகளைத் தோராயமாக ஐந்து கிலோ என்று கழித்தேன். நாற்பத்தாறு. என் கணக்கில் ஒரு கிலோ இடிக்கிறது.

அந்த ஒரு கிலோவை ஊட்டியது யார் என்று வனவரைப் பார்த்தேன்... அவர் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.