சாக்கில்லாத வீடு

அன்றைக்குக் கோதுமைக் கிட்டங்கியில் இருந்தவர்கள் இவ்வளவுதான். கணக்கப்பிள்ளை. எங்கள் மேஸ்திரி. மருந்து வைக்கிற ஆள். கூட்டிப் பெருக்குகிற அக்கா. மூட்டை தூக்குகிற நாங்கள் எட்டுப் பேர். மூட்டை அட்டிக்குப் பின்னால் ஒரு பூனை. பூனையை யாரும் எண்ணவில்லை.

புதுத் துறைமுகம் ஓட ஆரம்பித்த வருஷங்கள். கோதுமைக் கப்பல் அங்கே கட்டும். லாரியில் மூட்டை எங்களிடம் வரும். இறக்கி, அட்டி அட்டியாக அடுக்குவோம்.

அந்தத் தடவை கோதுமையில் வண்டு விழுந்துவிட்டது. மருந்து ஆள் சுற்றிப் பார்த்தான். அன்று சனிக்கிழமை. ஒன்பது நாள் கழித்துத் திங்கட்கிழமை வருகிறேன் என்றான். அட்டிமேல் தார்ப்பாய் போட்டு, அடியில் மாத்திரை வைத்து, கதவு இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டி, ஏழு நாள் பூட்டிவிடுவார்கள். உள்ளே இருக்கிற எதுவும் பிழைக்காது.

“இங்கன ஒரு பூனை கெடக்கே” என்றேன்.

“எலியோட எலியாப் போவுது. ஒனக்கு என்னலே?” என்றார் மேஸ்திரி.

எனக்கு என்ன என்றால், இதுதான். முந்தின வருஷம் அது சாக்குக் குவியலில் நாலு குட்டி போட்டது. தூக்கி எறியச் சொன்னார்கள். பூனையைக் கொண்டுபோய் விடுவது என்றால் எங்கள் பக்கம் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, மூன்று சுற்று சுற்றுவோம். திசை மறந்துவிடும் என்று. சாக்கைப் பிடித்தது நான். சுற்றியதும் நான். தாயையும் குட்டிகளையும் முத்தையாபுரம் தாண்டி உப்பளத்துப் பக்கம் அவிழ்த்துவிட்டு வந்தேன். பத்தாம் நாள் தாய் மட்டும் திரும்பி வந்தது. குட்டிகள் வரவில்லை. உப்பளத்தில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. அது எனக்கு முன்னமே தெரியும்.

அதிலிருந்து எங்கள் பக்கம் அது வந்ததில்லை. எனக்கும் அதுக்கும் நடுவே எப்போதும் ரெண்டு அட்டி இருக்கும். முப்பதடிக்குக் குறையாது.

அன்று மத்தியானமே பிடித்துவிடலாம் என்று எட்டுப் பேரும் இறங்கினோம். ஆளுக்கொரு சாக்கு. நாலு பக்கமும் வளைத்தோம். அது சுவரில் ஏறி, கூரை உத்திரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. ரெண்டு நாள் இறங்கவே இல்லை.

கூட்டுகிற அக்கா சிந்தின கோதுமையைப் புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“ஏலே, ஒங்களுக்கு மூளை இருக்கா? அதோட பிள்ளையளக் கொண்டுபோனது சாக்கு. நீங்க கையில சாக்கு, தலையில சாக்கோட நிக்கியோ. அது எப்படிலே வரும்?”

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். உண்மைதான். மூட்டை முதுகை அறுக்காமல் இருக்க, சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்து முதுகில் தொங்கவிட்டிருப்போம். கொங்காணி என்போம். எட்டுப் பேரும் பார்க்க நடமாடுகிற சாக்குதான். அக்கா கையில் சுளகும் விளக்குமாறும் மட்டும். அவள் பக்கத்தில் அது கையெட்டும் தூரம் வரை வரும்.

“அப்ப நீயே கொண்டுபோயேன்” என்றேன்.

“எங்க வீட்டுக் கதவே சாக்குதாண்டே.”

அப்புறம்தான் வீடு தேட ஆரம்பித்தேன். என் வீட்டில் நான் படுப்பது சாக்கில். கூட வேலை செய்கிறவர்கள் வீட்டிலும் அப்படித்தான். டீக்கடையில் கரிச் சாக்கு, சீனிச் சாக்கு. பலசரக்குக் கடை அண்ணாச்சி, எலிக்கு ஆகும், கொண்டா என்றார். உள்ளே பார்த்தேன். சாக்குக்கு நடுவேதான் அவரே உட்கார்ந்திருந்தார். வேண்டாம் அண்ணாச்சி என்று வந்துவிட்டேன். உப்பு, மிளகாய், கரி, கோதுமை. இந்த ஊரில் எது வந்தாலும் போனாலும் சாக்கில்தான். அது வரை நான் அதைக் கவனித்ததில்லை.

கூட இருந்தவர்கள் விடவில்லை. “பூனைக்கு வரன் பாக்கான். மாப்பிள்ளை வீட்டுல சாக்கு இருக்கப்படாதாம்” என்று ஒருத்தன் சொன்னான். “சீதனமா எலி குடுப்பியா?” என்று இன்னொருத்தன்.

செவ்வாய்க்கிழமை கீழவைப்பாரிலிருந்து கருவாடு விற்கிறவள் வந்தாள். செவ்வாய், வியாழன், சனி பஸ்ஸில் வருவாள். வாசலில் உட்கார்ந்து எங்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் விற்பாள். முன்னால் ரெண்டு ஓலைப்பெட்டி. நான் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்ன வேணும்? சாளையா, நெத்திலியா?”

“ஒங்க வீட்டுல சாக்கு உண்டுமாக்கா?”

“மாதாவே, இது என்ன கேள்வி? மீனுக்கு எதுக்குச் சாக்கு? எல்லாம் ஓலைப்பெட்டிதான்.”

விஷயத்தைச் சொன்னேன். குட்டிகளை விட்டது நான் என்பதையும் சொன்னேன். அவள் பெட்டிமேல் ஈ ஓட்டினாள்.

“வியாழக்கிழமை ஒரு பெட்டி காலியா வெச்சுத் தாரேன். பூனை தானா ஏறுனா கொண்டுபோறேன். நான் பிடிக்க மாட்டேன். என் கையில கருவாட்டு மணம். கையத் தின்னுபுடும்.”

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள் கொங்காணி இல்லாமல் சுமந்தேன். தோள் உரிந்தது. மேஸ்திரி திட்டினார். மற்ற ஏழு பேரும் போடத்தான் செய்தார்கள். அது அவர்கள் பாடு. ஆனால் வியாழக்கிழமை மத்தியானம் மட்டும் எல்லோரும் சாக்கைக் கழற்றி வெளியே வெயிலில் போட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்து, “என்னவே, ஸ்ட்ரைக்கா?” என்றார்.

கூட்டுகிற அக்கா பெட்டியைச் சாய்த்து வைத்து உள்ளே நாலு சாளைக் கருவாடு போட்டாள். வழக்கம்போலக் கூட்டிக்கொண்டே இருந்தாள். அரை மணி நேரம் ஆனது. பூனை உள்ளே போனது. அவள் மூடியைப் போட்டுக் கயிறு கட்டினாள். அது ஒரு சத்தமும் போடவில்லை. பெட்டி மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. யாரும் அதைச் சுற்றவில்லை.

சனிக்கிழமை கருவாட்டுக்காரி வந்து சொன்னாள். “பெட்டியத் தொறந்தேன். ஒரே பாய்ச்சல். ஆளக் காணோம்.”

முன்னால் முத்தையாபுரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்த பூனை. இது இன்னும் தூரம்தான். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கணக்கப்பிள்ளையிடம் சாவி வாங்கி அட்டி அட்டியாகத் தேடினேன். திங்கட்கிழமை காலையிலும் தேடினேன். இல்லை. மருந்து ஆள் வந்தான். கதவைச் சாத்தி, காகிதம் ஒட்டினான். ஒட்டுவதற்குப் பசை கலக்கியது நான்.

அந்த ஏழு நாளும் வேறு கிட்டங்கியில் வேலை. சாயங்காலம் இந்தப் பக்கமாகத்தான் வீட்டுக்குப் போவேன். கதவில் காது வைத்துப் பார்ப்பேன். ஒன்றும் கேட்காது. கேட்டிருந்தாலும் திறக்க விட்டிருக்க மாட்டார்கள்.

கருவாட்டுக்காரி செவ்வாய் வந்தாள், இல்லை என்றாள். வியாழன் வந்தாள், இல்லை என்றாள். சனிக்கிழமை, “வெளிய வெச்ச மீன்தலை காலி. நம்ம பூனையா ஊர்ப் பூனையான்னு சொல்ல முடியாதுடே” என்றாள்.

திங்கட்கிழமை திறந்தார்கள். காத்தாட விட்டு மத்தியானம் உள்ளே போனோம். செத்தது எல்லாவற்றையும் அள்ளுவது என் வேலை என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எலி நிறையக் கிடந்தது. உத்திரத்திலிருந்து விழுந்த புறா ரெண்டு. ஒவ்வொரு அட்டியாகத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். பூனை இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழவைப்பாருக்கு பஸ் ஏறினேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். வேலைச் சட்டையில் சாக்கு மணம் போகாது.

கருவாட்டுக்காரி பூசை முடிந்து வந்து, காயவைத்த மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் முற்றத்தில் வலை கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். கையால் காட்டினார். கட்டுமரத்துப் பாய் சுருட்டி வைத்திருந்த இடத்தில் அது உட்கார்ந்திருந்தது.

“நேத்துத்தான் பகல்ல வெளிய வந்துச்சு. இவ்வளவு நாளும் பாய்க்குள்ளதான் கெடந்திருக்கு. ராத்திரி தின்னுட்டு உள்ள போயிருக்கு” என்றாள் அவள்.

நான் நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்தேன். அது என்னைப் பார்த்தது. யார் என்று அதுக்குத் தெரியும். காதைப் பின்னால் மடித்தது. ஓடவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தோம். அப்புறம் அது கண்ணை மூடியது. கருவாட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன்.

அது தானாக எழுந்து வீட்டுக்குள் போன பிறகு, நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது இருந்த இடம் வரை பாதம் வைத்து அளந்தேன்.

ஒன்பது அடி.