சி.டி. படத்தில் தெரிந்த வெள்ளைக் குருணை

கருங்கல் ஊரில் எங்களுக்கு ஹார்டுவேர்ஸ் கடை. ஒரு நாள் காலை, வந்தவருக்குப் பைப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என் கணவர் பேச்சு குழறி, வலது கை வெட்டி வெட்டி இழுக்க, அப்படியே சரிந்தார். காய்ச்சலுக்குக்கூடப் படுக்காத மனிதர்.

நாகர்கோவிலில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையின் இடதுபக்கம் ஒரு கட்டி. மெதுவாக வளருவதுபோலத் தெரிகிறது, ஆனால் அதிலும் இரண்டு இனம் உண்டு, பிரித்தறியச் சி.டி.யும் வேண்டும் என்றார் படங்களைப் பார்க்கும் பெண் டாக்டர். எம்.ஆர்.ஐ.க்கு மேல் சி.டி. எதற்கு என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சி.டி.யும் எடுத்து முடிந்ததும் எங்கள் இருவரையும் கணினி முன் உட்காரவைத்தார்.

அவர் மவுஸை உருட்ட உருட்ட, என் கணவரின் தலை உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஏடு ஏடாகத் திறந்தது. எத்தனை மடிப்பு, எத்தனை ஓடை! இவருடைய சிரிப்பும் என்மேல் வரும் கோபமும் இதற்குள்ளா இருக்கின்றன என்று திரையை நோக்கிக் குனிந்தேன். பயம்கூடச் சற்று நேரம் மறந்துவிட்டது.

"ஏட்டி, எனக்க மண்டைக்குள்ள இம்பிடு சங்கதி உண்டா?" என்றார் அவர், மெதுவாக.

அந்த எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி வெண்மையாகத் தெரிந்தது. ஓர் இனமானால், வேறு முறையில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் அதன் நடுப்பகுதி கருத்து, ஓரம் மட்டும் வெள்ளையாக நிற்பதுண்டாம். இவருக்கு அப்படிக் கருக்கவில்லை. அதைமட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பிறகு சி.டி. படத்தைத் திறந்தார். அதே இடத்தில் அரிசிக் குருணை சிதறியதுபோல் பளிச்சென்று வெள்ளைப் பொட்டுகள்.

"இது கால்சியம். எம்.ஆர்.ஐ.ல சரியா பிடிபடாது, சி.டி.ல மறையாது. இது இருந்தா அநேகமா மற்ற இனந்தான். அது மருந்துக்கு நல்லா கேக்கும். ஆனா கட்டிய எடுத்துச் சோதிச்ச பெறவுதான் உறுதி."

திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் நடந்தது. பேச்சுக்கான பகுதி பக்கத்தில் இருந்ததால், நடுவே அவரை விழிக்கவைத்து, படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்களாம். திறந்த மண்டையோடு ஒரு மனிதர் "குடை", "சாவி" என்று சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கும்.

கட்டியையும் அதன் மரபணுவையும் சோதித்தவர்கள், நாகர்கோவில் டாக்டர் சொன்ன இனந்தான் என்றார்கள். கத்தி படுவதற்கு முன்பே, நிழல்களைப் பார்த்து அவர் அதைச் சொல்லியிருந்தார்.

இப்போது கடைக்குப் போகிறார், மாத்திரை சாப்பிடுகிறார். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நானும் கூடப் போய்ப் படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன். கட்டி இருந்த இடத்தில் ஒரு சிறு குழி. அதைச் சுற்றி மடிப்புகள் அப்படியே இருக்கின்றன.