தேவா அண்ணன் ஸ்டூடியோவில் வெளுத்த முகங்கள்

காலையில் பிரிண்ட் மெஷினைத் திறந்ததும் ஒரு நெடி வரும்... காடியில் ஊறிய ஈரத்துணி மாதிரி. மதியத்துக்குள் அது என் சுடிதாரில், தலைமுடியில், நான் வாங்கி வைத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தில்கூட ஏறிவிடும்.

மலாக்கா டவுனில் தேவா அண்ணன் ஸ்டூடியோ. காலேஜ் முடித்து நான் சேர்ந்த முதல் வேலை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

முதல் நாளே அண்ணன் சொன்னார், "நீ கவுண்டர்ல நிக்க வேணாம்மா. உள்ள கம்ப்யூட்டர்ல உக்காரு, ஏர்கோன் இருக்கு."

எவ்வளவு நல்ல மனுஷன் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கவுண்டரில் நின்ற பெண்கள் எல்லாரும் என்னைவிட நிறம் என்பது எனக்கு உறைக்க ஆறு மாதம் ஆனது.

உள்ளே என் வேலை, படங்களைத் திருத்துவது. கீபோர்டில் எஃப் செவன் பட்டனைத் தட்டினால் முகம் இரண்டு மூன்று படி வெளுத்துவிடும். அண்ணனே அப்படி செட் பண்ணி வைத்திருந்தார். இந்தியர் முகம் வந்தால் தட்டு, அவ்வளவுதான் உத்தரவு. கல்யாணப் பெண், காதுகுத்துக் குழந்தை, லாரி ஓட்டுகிற மாமா... யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. தட்டித் தட்டி அந்தப் பட்டனில் எழுத்தே அழிந்துபோயிருந்தது.

அழித்தது என் விரல். கருத்த விரல்.

ஒரு திங்கள்கிழமை பவானி வந்தாள். சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டத்துப் பெண். நர்சிங் முடித்து, வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போர்ட் நம்பர் அனுப்பாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றாள். படம் எடுத்தோம். எஃப் செவன். வெட்டிக் கவரில் போட்டுக் கொடுத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் திரும்பி வந்தாள். தம்பியின் மோட்டார் சைக்கிளில், அவ்வளவு தூரம், வெயிலில். கவரை என் முன்னால் வைத்தாள்.

"அக்கா, இது நான் இல்லையாம்."

பாஸ்போர்ட் கவுண்டரில் இருந்த அம்மா படத்தைப் பார்த்தாராம், இவளைப் பார்த்தாராம், ஐசி அடையாளக் கார்டைப் பார்த்தாராம். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க, வேறு படம் கொண்டு வா என்று அனுப்பிவிட்டாராம். அந்த அம்மா செய்தது சரி. தப்பு என் மேசையில் நடந்தது.

தேவா அண்ணன் சிரித்தார். "வெள்ளையா இருக்குன்னு கம்ப்ளெய்ன் பண்ற மொத ஆள் நீதான் லா. நாளைக்குப் போறப்ப கொஞ்சம் பவுடர் போட்டுக்க, ஒத்துப்போயிடும்."

பவானி சிரிக்கவில்லை. "பவுடர் போட வரலண்ணே. என் மூஞ்சிய எடுத்துக் குடுங்க."

நானே அவளை உள்ளே கூட்டிப்போனேன். அப்போதுதான் தெரிந்தது, எனக்கு வெளுக்க வைக்க மட்டும்தான் தெரியும் என்று. வெள்ளைப் பின்னணியில் அவள் முகம் மொத்தமும் இருண்டு போனது. நாலு தடவை எடுத்தேன். விளக்குகளை நேரே அடிக்காமல் இரண்டு பக்கமும் தள்ளி வைத்த பிறகு முகம் வந்தது. கம்ப்யூட்டரில் எதையும் தொடவில்லை.

"எனக்குன்னு ஒண்ணு எடுப்பீங்களாக்கா?" என்று கேட்டாள்.

கறுப்புத் திரை, ஒரே விளக்கு. இந்த முறை கம்ப்யூட்டரில் நிறத்தை இன்னும் ஆழமாக்கினேன். மூக்குத் தண்டில், கன்னத்து எலும்பில், கீழுதட்டில் மட்டும் மினுக்கத்தை விட்டு வைத்தேன். மழை விட்ட தார் ரோட்டில் வெளிச்சம் ஓடுமே, அப்படி.

பவானி பார்த்துக்கொண்டே நின்றாள். "யாருக்கா இவ, இவ்ளோ திமிரா இருக்கா?"

பாஸ்போர்ட் படம் மறுநாள் செல்லுபடியானது. வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட் நம்பரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. அவளைக் கேட்டுவிட்டு, கறுப்புத் திரை முன்னால் எடுத்த படத்தில் ஒரு பிரதியைக் கடை வாசல் கண்ணாடியில் மாட்டினேன்.

சாயங்காலமே அண்ணன் கழற்றிவிட்டார். "வாசல் இருட்டா இருக்கும்மா."

மறுநாள் மறுபடி எஃப் செவன். அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் தட்டினேன். அவர் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேலேயே இருக்கிறது.

இப்போது எனக்குக் குருபோங்கில், ஒரு பேக்கேஜிங் கம்பெனியில் டிசைன் வேலை. போன வாரம் தோழி ஒருத்தி வாட்சப்பில் போஸ்டர் அனுப்பினாள். கிளேபாங்கில் ஒருநாள் போட்டோ எடிட்டிங் கிளாஸ். தலைப்பு, 'டிராமாட்டிக் டார்க் ஸ்கின்'. இடது பக்கம் கோதுமை நிறத்தில் ஒரு பெண். வலது பக்கம் அதே பெண், எண்ணெய் பூசிய கருங்கல்லாக. சொல்லித் தருபவர்... தேவா அண்ணன். முகநூலில் போய்ப் பார்த்தால், அதே போஸ்டரின் கீழே வரிசையாக 'பவர் லா சிஃபு' என்று குருவுக்குப் பாராட்டு.

போஸ்டரில் இருந்த நம்பருக்கு எழுதினேன், கருத்த பொண்ணு ஒருத்தியும் கிடைக்கலையாண்ணே என்று.

உடனே பதில் வந்தது. "ஒரிஜினல் கருப்பு கேமராவுல நிக்காது தங்கச்சி. நாமதான் செஞ்சி எடுக்கணும்."

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் ஸ்டூடியோவுக்குக் குடும்பமாக வருவார்கள். தலை சீவி, சட்டையை இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். நம்பி உட்காருவார்கள். நாங்கள் செய்தது அநியாயம். ஆனால் அன்றைக்குக் கருத்தவர்களுக்கு அந்த நாற்காலியாவது இருந்தது. இன்றைக்கு அவர்கள் நிறம் மட்டும் போதும், அவர்கள் வேண்டாம்.

மூன்று முறை எழுதி அழித்து, கடைசியில் அனுப்பினேன். "அண்ணே, உங்க ஸ்டூடியோவுல உள்ள உக்காந்து வேல செஞ்சவ நான். இன்னும் அதே கருப்புதான். கிளாஸுக்கு வந்து மாடலா உக்கார்றேன். ஒண்ணும் பூசாம எடுத்துக் காட்டுங்க."

நீல டிக் விழுந்து நாலு நாள் ஆகிறது. பதில் இல்லை.

கிளாஸ் நாளைக்குக் காலை பத்து மணிக்கு. நான் போகிறேன்.