ஸ்டெப்னிக்கு உறை போட்டவன் புதுப்பட்டிக்குப் போன கதை

பழைய ஜீப் ஒன்றை வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர், "ஸ்டெப்னிக்கு உறை போடலாமா, வேண்டாமா?" என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான். என்னால் முடியவில்லை. 2007 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, பிளவக்கல் அணைக்குக் கிளம்பி சிவகாசிக்கு அடுத்த எம். புதுப்பட்டியோடு திரும்பி வந்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் அது அரைகுறையாகத்தான் இருக்கும்.

அணைக்குப் பக்கத்தில் மலையடிவாரமாக ஒரு கரட்டுப் பாதை போகிறது. மழைக்காலம் தொடங்குவதற்குள் அதில் ஜீப்பை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வாங்கிய மறுவாரமே மதுரையில் சீட் கவர் தைக்கும் கடையில் 280 ரூபாய் கொடுத்து, பாயும் புலி படம் போட்ட கறுப்பு ரெக்சின் உறை ஒன்றை வாங்கி, பின்பக்கம் தொங்கும் ஸ்டெப்னி டயருக்கு மாட்டினேன். வண்டிக்கே ஒரு களை வந்துவிட்டது. வெயில் படாது, தூசி படாது, திருடன் கண்ணிலும் படாது என்று வீட்டில் பெருமை வேறு. என் கண்ணிலும் படாது என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் ஒருமுறைகூட நான் அதைக் கழற்றிப் பார்க்கவில்லை.

காலை 6 மணிக்கு மதுரையில் கிளம்பினேன். திருமங்கலம் சாலையில் நாலுவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்ததால் காரியாபட்டி வழியைப் பிடித்தேன். காரியாபட்டியில் 6.50க்கு டீ, 3 ரூபாய். மல்லாங்கிணறு வழியாக விருதுநகர் போய்ச் சேர்ந்தபோது 7.45. இட்லி, வடை, காபி எல்லாம் சேர்த்து 22 ரூபாய். அங்கிருந்து சிவகாசி சுமார் 27 கிலோமீட்டர். தீபாவளி சீசன் என்பதால் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, 9.15க்குத்தான் சிவகாசியைத் தொட்டேன். என் வண்டி மீட்டரின் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், மன்னிக்கவும்.

புதுப்பட்டிச் சாலையில் இரண்டு பக்கமும் பட்டாசுக் கம்பெனிகள். ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ஷெட்டுகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர். 10.10க்கு வண்டி இடது பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் பின் டயரில் ஆணி. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன், நூறடி தள்ளியே ஒரு பஞ்சர் கடை. அதன் மேற்கே ஒரு கம்பெனியின் கம்பிவேலி, கிழக்கே கூப்பிடு தூரத்தில் ஒரு குடியிருப்பு. கடை இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

கடைக்காரர் பெயர் ராசு. நாற்பது வயது இருக்கும். ஆணி ஏறிய டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, நான் உருவிய புலி உறையையும் உள்ளே இருந்த ஸ்டெப்னியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சட்டை புதுசா இருக்கு, உள்ள இருக்கது ரொம்பப் பழசு. ஓரமெல்லாம் கீறல் விட்டுக் கெடக்கு. காத்தும் இல்ல. இது தாங்காது."

"வெயிலே படாத டயருங்க. நீங்க பாட்டுக்கு அடிங்க."

"பஞ்சரை ஒட்டித் தாரேன், அரை மணி நேரந்தான். அதுலயே போயிரலாம்."

எனக்கு அரை மணி நேரம் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஸ்டெப்னிக்குக் காற்றடித்து மாட்டிக்கொண்டு அணையைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது மற்றதை வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். மறுபடி வற்புறுத்தினேன். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, டயரைச் சாலையோர மண்ணில் கிடத்தி, காற்றுக் குழாயை மாட்டிவிட்டு, கம்ப்ரசரைப் பார்க்க உள்ளே போனார். அவர் அப்படி உள்ளே போனதுதான் அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம்.

டயர் வெடித்தது. காது அடைத்துப்போயிற்று. புழுதி புகை மாதிரி பனை உயரத்துக்குக் கிளம்பியது. நான் மடையன் மாதிரி கிழிந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ராசு டயர் பக்கம் திரும்பவே இல்லை. சாலைக்கு ஓடி, இரண்டு கையையும் ஆட்டி, "டயரு! டயருதான்! ஒண்ணுமில்ல!" என்று கத்தினார். யார் காதிலும் விழவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் எல்லா ஷெட்டுகளில் இருந்தும் ஆட்கள் வெறுங்காலோடு சிதறி ஓடுவது தெரிந்தது. குடியிருப்புப் பக்கமிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தியின் கையில் இன்னும் கரண்டி இருந்தது.

எனக்கு அப்போதும் விஷயம் புரியவில்லை. பட்டாசு ஊரில் சத்தத்துக்கா பஞ்சம் என்று கேட்டேன். ராசு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"சாம்பிள் வெடி சாயங்காலம் போடுவாக, அங்கன பொட்டல்ல. காலையில ஷெட்டுப் பக்கம் சத்தம் கேட்டா வேற என்ன நெனப்பாக? அடுப்புல தண்ணிய ஊத்திட்டு ஓடியாருவாக. வாங்க, கேட்டுக்குப் போய்ச் சொல்லுவோம்."

கேட்டில் முப்பது பெண்களாவது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே போர்மேன், வெட்டவெளியில் எல்லோரையும் நிறுத்தி, பதிவு நோட்டைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டார். வெடித்தது டயர் என்று ராசு சொன்னதும் கூட்டம் மூச்சு விட்டது. சில பெண்கள் சிரிக்கக்கூடச் செய்தார்கள். ஆனால் போர்மேன் ஒரு பெயரை மட்டும் மூன்று முறை கூப்பிட்டார். "கருப்பசாமி!" பதில் இல்லை.

செல்வி என்ற பெண், முப்பது வயதிருக்கும், வெறுங்காலோடு நின்று கம்பிக் கதவை உலுக்கினாள். கருப்பசாமி அவளுடைய கணவன்.

"எங்கிட்டாவது ஒதுங்கி நிப்பான்மா. டயருதான் வெடிச்சிருக்கு, பயப்படாத," என்றார் போர்மேன்.

"டயருதான் வெடிச்சதுன்னா எம்புருசன் எங்க?"

இரண்டு பேரை ஷெட் ஷெட்டாகத் தேட அனுப்பினார்கள். பதற்றத்தில் ஓடும்போது வெடிமருந்து சிந்தி, கால் பட்டு உரசினாலே தீப்பிடித்துவிடுமாம், பக்கத்தில் நின்ற ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். ஒரு மனிதருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதற்குக் காரணம் என் அவசரம்.

பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அப்போது எங்களுக்குப் பின்னால், குடியிருப்புப் பக்கமிருந்து ஒருவர் ஓடி வந்தார். முழங்கை வரை அலுமினியத் தூள் வெள்ளியாக மின்னியது. வெறுங்கால். கெண்டைக்காலில் முள்கம்பி கிழித்து ரத்தம். கையில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு.

"ஏ செல்வி! வீட்டத் தெறந்து போட்டுட்டு இங்கன என்ன செய்யிற?"

"நீங்க எங்க போனீக?"

"ஊருப் பக்கம் பொகையாத் தெரிஞ்சுச்சு. நம்ம வீட்டுப் பக்கம்னு நெனச்சு வேலியத் தாண்டிக் காட்டு வழியா ஓடுனேன். அடுப்பு நனைஞ்சு கெடக்கு, உன்னையக் காணோம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் குனிந்து செருப்பை அவள் கால் பக்கத்தில் வைத்தார். போர்மேன் நோட்டை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் போய், "என் டயர்தாம்மா. ராசு அப்பவே வேண்டாம்னு சொன்னாரு, நான்தான் கேக்கல," என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேணும்னேவா செஞ்சீக அண்ணே? நீங்களும் இம்புட்டு நேரம் வெயில்ல நின்னுட்டீக. இப்படி உக்காந்து தண்ணி குடிங்க," என்றாள்.

ராசு பஞ்சர் ஒட்டினார், 30 ரூபாய். கிழிந்த டயரை அவரிடமே விட்டுவிட்டு, ஸ்டெப்னி இல்லாத வண்டியில் மலைப்பாதைக்குப் போகத் துணிவில்லாமல், 12.30க்குத் திரும்பினேன். சிவகாசியில் புது டயர் 2,400 ரூபாய் ஆயிற்று. அணையை அப்புறம் ஜனவரியில்தான் பார்த்தேன்.

இனி வாசகர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உறை போடலாம், தப்பில்லை. நம் ஊர் வெயிலுக்கு நல்லதும்கூட. ஆனால் உறை போடும் அன்றைக்கே டயரின் வயதைப் பாருங்கள், கிழட்டு டயருக்குப் புதுச் சட்டை மாட்டாதீர்கள். தண்ணீர் தேங்காமல் இருக்க உறையின் அடியில் துளை இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கழற்றி, ஓரத்தில் கீறல் இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். பஞ்சர் கடைக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அவரிடம் வாதாடாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் டயர் வெடிக்கலாம். அது சிவகாசி, புதுப்பட்டிப் பக்கமாக இருந்தால் வண்டி கிடக்கட்டும், நீங்கள் முதலில் கம்பெனி கேட்டுக்கு ஓடி, வெடித்தது டயர் என்று சொல்லுங்கள். அதே நேரத்தில் ஊருக்குள்ளும் ஓர் ஆளை அனுப்புங்கள். இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும்.