குழாயடிக்கு வராதவன்

யுத்த காலத்தில் ஒருநாள் எங்கள் ஊரான கட்டைபறிச்சானில் ஷெல் விழ, நாங்கள் வளவில் பதுங்க வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்காமல் வயலுக்குள் ஓடித் தப்பி, ஒரு பள்ளிக்கூடத்தில் தஞ்சமடைந்தோம். அங்கே தண்ணீர்க் குழாயடியில் எந்நேரமும் யார் எப்படித் தப்பியது என்ற கதைதான். நான் விசாரித்த எல்லோருமே வயலுக்குள் ஓடியவர்கள். விஷயம் பிடிபட்டுவிட்டதாக எனக்கு ஒரு பெருமை.

“இஞ்சருங்கோ, ஊருக்குப் போனதும் பங்கரை மூடிப்போடுங்கோ. அதுக்குள்ள மழைத்தண்ணியும் பாம்பும்தான். வயலுக்குள்ள ஓடினாத் தப்பலாம். இஞ்ச ஆரையும் கேட்டுப் பாருங்கோ” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கணவரிடம் சொன்னேன்.

வாளியோடு முன்னால் நின்ற பெண் திரும்பினாள். எங்கள் ஊர்க்காரிதான், அவ்வளவாகப் பழக்கமில்லை.

“ஓம் தங்கச்சி. என்ர மகனும் வயலுக்குள்ளதான் ஓடினவன்.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். அவளுடைய வாளி நிரம்பி வழிந்தது. ஒருவரும் குழாயை மூடவில்லை.

அவனை நான் எங்கே போய்க் கேட்பது? ஓடித் தப்பியவர்கள் மட்டும்தானே அந்தக் குழாயடிவரை வந்து கதை சொன்னார்கள். ஓடியும் ஷெல் பட்டு விழுந்தவர்களையும் சேர்த்து எண்ண எனக்குத் தோன்றவேயில்லை.

ஊர் திரும்பிய அன்று கணவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, “அப்ப, பங்கரை மூடட்டோ?” என்றார்.

“வேண்டாம். இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்கோ” என்றேன்.