பத்தாவது துணி எங்கே?

என்னை முதலில் பொய்யனாக்கியவர் மேனேஜர் சபாபதி. ஆபரேஷன் தியேட்டரில் ஸ்ட்ரெச்சர் தள்ளி, ரத்தத் துணி எண்ணிப் பிழைத்த உங்களுக்கெல்லாம் தெரியும், நம் தொழிலுக்கு விரல்தான் கணக்கு. திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் விரலை நம்பாமல் ரேடியோ சில்லைக் கொண்டுவந்தார் அவர். ஆளுக்கு ஒன்று கழுத்தில் தொங்கும். ஆபரேஷன் துணிக்கு ஒன்று மூலையில் தைத்திருக்கும். எந்தச் சில்லு எந்த அறையில், எந்த வாளியில் இருக்கிறது என்று வாசலில் ஒரு திரை காட்டும்.

செத்தவர் டியூட்டி

ஆரோக்கியமேரி சிஸ்டர் விழுப்புரம் ரோட்டில் அடிபட்டு இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் காலை திரையில் அவர் பெயர் வந்தது. முதலில் உடை மாற்றும் அறை, அப்புறம் கை கழுவும் இடம், அப்புறம் இரண்டாம் தியேட்டர். உயிரோடு இருந்தபோது அவர் போகும் அதே வரிசை.

எட்டிப் பார்த்தேன். உள்ளே, கோட்டக்குப்பத்திலிருந்து புதிதாக வந்த ஷகிலா சிஸ்டர் தனியாகத் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் செத்தவரின் சில்லு. பெயரைக்கூட மாற்றாமல் சபாபதி எடுத்துக் கொடுத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். ஷகிலா சில்லைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

“அதாண்ணே, காலைலேர்ந்து எல்லாரும் என்னைப் பார்த்துட்டு சிலுவை போட்டுக்கினு போறாங்க!”

நூல் தொங்கிய சில்லு

துணிக்கும் அதே சிக்கனம்தான். புதுச் சில்லு வாங்காமல், பழைய துணியிலிருந்து வெட்டிப் புதுத் துணியில் தைக்கச் சொன்னார் சபாபதி. ஓமந்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடும் கன்னியம்மாளுக்கு வயிற்றில் கட்டி. எடுத்தாயிற்று. ரத்தம் ஒற்ற உள்ளே போனது பத்துத் துணி. வாளியில் எண்ணினேன், ஒன்பது. ஷகிலா எண்ணினார், ஒன்பது. டாக்டரம்மா, சில்லு இருந்தால் கத்தும் வளையம் மாதிரிக் கருவியை வயிற்றின் மேல் ஓட்டினார். சத்தமே இல்லை. திரையிலோ பத்தும் வாளிக்குள் இருந்தன.

சபாபதி கதவைத் திறந்து தலையை நீட்டினார். “மூணாங்கிளாஸ் படிச்ச ஏகாம்பரம் எண்ணினதா, மிஷினா? தைங்க மேடம்.” டாக்டரம்மா தைக்கத் தொடங்கினார். எனக்கு என்ன வந்ததோ, வாளியைத் தரையில் கவிழ்த்தேன். ரத்தத்துக்கு நடுவே ஒரு சில்லு மட்டும், துணியே இல்லாமல், தையல் விட்டு நூல் தொங்கக் கிடந்தது.

மேஜையில் கன்னியம்மாளின் வயிறு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா தையலைப் பிரித்துக் கையை உள்ளே விட்டார். குடலுக்குப் பின்னாலிருந்து பத்தாவது துணி நீளமாக வந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்தபடியே சபாபதி சொன்னார்:

“தியேட்டர்ல ரத்தத்த கொட்டி அசிங்கம் பண்ணிட்டாரு, நாளைலேர்ந்து இந்தாளு பொணவறைக்குப் போகட்டும்.”

திரைக்குப் பொட்டு

தையல் பிரிக்கக் கன்னியம்மாள் வந்தபோது நான் பிணவறைச் சாவியோடு வாசலில் நின்றிருந்தேன். சபாபதி அவரிடம் திரையைக் காட்டி, “இதுதாம்மா கண்டுபிடிச்சுது” என்றார். கன்னியம்மாள் முந்தானை முடிச்சிலிருந்து கோயில் குங்குமத்தை எடுத்து, திரையின் நடுவே பொட்டு வைத்துக் கும்பிட்டார். கீழே பெயர்கள் பாட்டுக்கு அறை அறையாக நகர்ந்துகொண்டிருந்தன.

பொறுக்க முடியவில்லை. “அம்மா, மிஷினு இல்ல, எண்ணினது நான்தான்” என்று கிட்டே போனேன். சபாபதி கூரையைப் பார்த்தார். கன்னியம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சாவியைப் பார்த்தார். வயிற்றைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்:

“நீ பொணவறை ஆளாச்சே சாமி, எங்கிட்ட வராதய்யா!”

‘ஏகாம்பரம் எண்ணியது சரி’ என்று சபாபதி எனக்குச் சொல்ல வேண்டிய பாக்கி மூன்றே சொல்தான், அதையும் சொல்லாமலே அவர் ரிட்டயராகிப் போய்விட்டார்.